கதவு திறந்தது, திறவுகோல் யார் கையில்?

ஒரு சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும்போது, தான் எழுப்பிய கட்டடங்களையும் சேர்த்த நிதியையும் மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. பிற நாடுகளில் சிறு பொருளும் பெரு விருப்பமும் கொண்டு தோன்றிய சங்கங்கள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்விடத்தில் தழைத்தன, எவ்விடத்தில் தளர்ந்தன என்பதையும் அறிந்து கொள்ளுதல் நலம். அந்நோக்கத்துடன், சோவியத் ஒன்றியத்தின் உறுப்புகளாக இருந்து 1991-இல் தனித்தனி அரசுகளான பதினைந்து நாடுகளில், இலாப நோக்கமற்ற தொண்டுச் சங்கங்களும் பொதுமக்களும் இணைய வசதியைப் பெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகிறோம்.

இதனைப் படிக்கும் இளைஞர்கள் மூன்று வினாக்களை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். இவ்வசதிக்குச் செலவு செய்தவர் யார்? அதனைக் கையாளக் கற்பித்தவர் யார்? அதன் திறவுகோலைத் தம்மிடம் வைத்திருந்தவர் யார்? அந்நாடுகளின் வெற்றியும் தோல்வியும் இம்மூன்று வினாக்களுக்குக் கிடைத்த விடைகளில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

எழுத்தறிவு இருந்தது, செய்தி இல்லை

சோவியத் ஆட்சி எழுத்தறிவைப் பரப்புவதில் ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. 1897-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சார் மன்னரின் பேரரசில் 9 வயது முதல் 49 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு 28 பேரே எழுதப் படிக்க அறிந்திருந்தனர். 1939-இல் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 87 ஆக உயர்ந்தது. சிற்றூர்தோறும் நூலகம் அமைந்தது. ஆலைத் தொழிலாளியின் மகள் பொறியாளர் ஆனாள்.

ஆயினும், படிக்கக் கற்ற மக்கள் எதனைப் படிக்கலாம் என்பதை அரசே முடிவு செய்தது. படி எடுக்கும் பொறிகள் அலுவலகங்களில் பூட்டி வைக்கப்பட்டுக் காவலுக்கு உட்பட்டிருந்தன. தடை செய்யப்பட்ட எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்து, ஒரு முறைக்கு நான்கைந்து படிகளாக எடுத்துக் கை மாற்றிப் படித்தனர். இவ்வழக்கத்திற்கு 'சமீஸ்தாத்' என்று பெயர். அவ்வாறு படி எடுத்தவர்களுள் பலர் சிறை சென்றனர்.

செய்தி மறைக்கப்படுவதன் விலை என்ன என்பதைச் செர்னோபில் உணர்த்தியது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அணு உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்யத் நகர மக்கள் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். சுவீடன் நாட்டு அணுமின் நிலையம் ஒன்றில் கதிரியக்கம் கண்டறியப்பட்ட பின்னரே, 28-ஆம் நாள் மாலை, சோவியத் அரசு சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. தலைவர் கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசிய நாள் மே 14. இடைப்பட்ட நாட்களில் கீவ் நகரத்துக் குழந்தைகள் மே தின ஊர்வலத்தில் நடந்தனர். செய்தி என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு அன்று. அஃது உயிர் காக்கும் பொருள் என்பதை அந்நாட்டு மக்கள் இங்ஙனம் துயரத்தின் வாயிலாகக் கற்றனர்.

முதல் இணைப்பு

மாஸ்கோவில் உள்ள குர்ச்சாத்தவ் அணு ஆற்றல் ஆய்வு நிறுவனத்துக் கணிப்பொறி வல்லுநர்களும், 'டெமோஸ்' என்னும் கூட்டுறவுக் குழுவினரும் சேர்ந்து 1990-இல் 'ரெல்காம்' என்னும் வலையமைப்பைத் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு 28-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துடன் சாதாரணத் தொலைபேசி வழியே மின்னஞ்சல் தொடர்பு ஏற்பட்டது. செப்டம்பரில் சோவியத் நாட்டிற்கென 'எஸ்.யு.' என்னும் தனி இணைய அடையாளம் பதிவாயிற்று. அடையாளம் பதிவான பின் பதினைந்து திங்களே அந்நாடு உயிர்வாழ்ந்தது.

அவ்வலையமைப்பின் ஆற்றல் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 1991 ஆகஸ்டு 19-இல், கோர்பச்சேவைச் சிறைப்படுத்தி ஆட்சியைக் கைப்பற்ற ஒரு குழு முயன்றது. பெரும்பாலான நாளிதழ்கள் தடுக்கப்பட்டன. தொலைக்காட்சியில் பாலே நடனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரெல்காமை எவரும் நிறுத்தவில்லை. அப்படி ஒன்று இருப்பதையே சதிகாரர்கள் பொருட்படுத்தவில்லை போலும். மாஸ்கோவில் இருந்தவர்கள், பிற நகரங்களில் உள்ள சந்தாதாரர்களைச் சன்னலுக்கு வெளியே பார்த்து, கண்டதை எழுதுமாறு கேட்டுக்கொண்டனர். எவ்வூரில் படை இறங்கியுள்ளது, எவ்வூர் அமைதியாக உள்ளது என்னும் செய்திகள் நகருக்கு நகர் பரவின. எல்த்சினின் அறிக்கைகள் தட்டச்சு செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் சென்றன. மூன்று நாட்களில் சதி முறிந்தது. அதனை முறித்தவர்கள் தெருவில் நின்ற மக்களே. எனினும், தெருவில் நின்றவர் தனித்து நிற்கவில்லை என்னும் துணிவைத் தந்ததில் அம்மடல்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

சங்கங்களின் தேவையும் வறுமையும்

இக்காலத்திற்குச் சற்று முன்னரே, அரசின் பிடிக்கு வெளியே மக்கள் சங்கங்கள் தோன்றலாயின. 1988-இல் சூழல் காப்பாளர்கள் 'சமூக-சூழலியல் ஒன்றியம்' அமைத்தனர். 1989-இல், ஸ்டாலின் காலக் கொடுமைகளுக்கு இரையானோரின் நினைவைக் காக்கும் 'மெமோரியல்' அமைப்பும், படையில் துன்புற்ற மைந்தர்களுக்காகப் போராடிய 'படைவீரர் அன்னையர் குழு'வும் உருவாயின.

இச்சங்கங்களுக்கு உறுதி இருந்தது, பொருள் இல்லை. 1992-ஆம் ஆண்டில் மட்டும் ரஷ்யாவில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. ஆண்டுத் தொடக்கத்தில் திரட்டிய சந்தா ஆண்டு முடிவில் அஞ்சல் தலைக்கும் காணவில்லை. கடிதங்கள் வாரக்கணக்கில் தாமதித்தன. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பை முன்கூட்டிப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

இந்நிலையில்தான் மின்னஞ்சல் அவர்களுக்கு வாய்த்தது. அக்காலத்து மின்னஞ்சல் இன்றுள்ளது போல் எந்நேரமும் இணைந்திருப்பதன்று. சங்கத்தின் கணிப்பொறி தொலைபேசி வழியே மையத்தை அழைக்கும், எழுதி வைத்த மடல்களை ஒரே மூச்சில் அனுப்பும், வந்தவற்றைப் பெற்றுக்கொள்ளும், உடனே தொடர்பைத் துண்டித்துவிடும். பழுதடைந்த தொலைபேசிக் கம்பிகளிலும் இது நடந்தது. மடலின் அளவுக்கேற்பக் கட்டணம் உண்டு. ஆதலால் அளவறிந்து எழுதினர். ஏழைச் சங்கத்திற்கு ஏற்ற கருவியாக அஃது அமைந்தது.

தொண்டுப் பணிக்கென்றே வலையமைப்புகளை நடத்தியவர்கள் பல நாடுகளில் இருந்தனர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சுவீடன், பிரேசில், நிக்கராகுவா ஆகிய நாடுகளில் இயங்கியவர்கள் 1990-இல் ஒன்றுகூடி 'முற்போக்குத் தகவல் தொடர்புச் சங்கம்' என்னும் கூட்டமைப்பை நிறுவினர். அதனுடன் இணைந்து மாஸ்கோவில் இயங்கியது 'கிளாஸ்நெட்'. ஆசிரியர்கள், சூழல் காப்பாளர்கள், மனித உரிமைத் தொண்டர்கள் ஆகியோருக்கு அது மின்னஞ்சல் வழங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து இயங்கிய 'புனித புவி வலையம்' என்னும் சிறு அமைப்பு, முன்னாள் சோவியத் நாடுகளின் சூழல் சங்கங்களுக்குக் கணிப்பொறியையும் இணைப்புக் கருவியையும் அளித்ததோடு நில்லாது, அவற்றைக் கையாளவும் கற்பித்தது. கருவியை மட்டும் கொடுத்துச் சென்றிருந்தால் அது மேசை மேல் தூசு படிந்து கிடந்திருக்கும்.

எழுத்துச் சிக்கலும் ஒன்று இருந்தது. கணிப்பொறிகள் ஆங்கில எழுத்துக்கெனவே செய்யப்பட்டவை. ரஷ்ய எழுத்துகளை அனுப்ப 'கோய்-8' என்னும் குறிமுறையை அந்நாட்டார் வகுத்திருந்தனர். வழியிலுள்ள பொறி ஒன்று குறியின் ஒரு பகுதியை வெட்டிவிட்டாலும், எஞ்சியது ஒலியொத்த ஆங்கில எழுத்துகளாக மாறிப் படிக்கத் தக்கதாகவே நிற்கும். அத்துணை நுட்பத்துடன் அமைக்கப்பட்டது அது. ஆயின் தாஜிக், கசாக் போன்ற மொழிகளுக்குரிய சிறப்பெழுத்துகள் அதில் இல்லை. தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று பொருந்தாது நின்ற காலத்தை அறிந்த நமக்கு இவ்விடர் புதிதன்று. தன் மொழியில் எழுத இயலாதவனுக்குக் கம்பி வந்தும் பயன் பாதியே.

கொடையாளரின் காலம்

அடுத்து வந்தது பெருங்கொடைகளின் காலம். ஜார்ஜ் சோரஸ் என்னும் செல்வர் 1992-இல் 10 கோடி டாலர் ஒதுக்கிப் பன்னாட்டு அறிவியல் அறக்கட்டளையை நிறுவினார். ஊதியமின்றித் தவித்த இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அறிவியலாளர்களுக்குத் தலைக்கு 500 டாலர் அவசர உதவி கிடைத்தது. 1996-இல் ரஷ்யாவின் 33 பல்கலைக்கழகங்களில் இணைய மையங்கள் அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. கருவிச் செலவு அறக்கட்டளையினுடையது. தொலைத்தொடர்பு வழியின் செலவு ரஷ்ய அரசினுடையது. பல்கலைக்கழகத்தாருக்கு மட்டுமன்றி, அவ்வூரின் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் தொண்டுச் சங்கங்களுக்கும் அம்மையங்கள் பயன்பட வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம்.

அமெரிக்க அரசின் நிதியில் 'ஐரெக்ஸ்' நிறுவனம் நடத்திய இணையப் பயிற்சித் திட்டம், காக்கசஸ் நாடுகளிலும் மத்திய ஆசியாவிலும் உக்ரைன், பெலாருஸ், மால்டோவா போன்ற நாடுகளிலும் பொது நூலகங்களிலும் கல்லூரிகளிலும் கட்டணமில்லா மையங்களைத் திறந்தது. பின்னாளில் கேட்ஸ் அறக்கட்டளையின் துணையுடன் லாட்வியாவில் 2006-இலும், லித்துவேனியாவில் 2008-இலும், உக்ரைனில் 2009-இலும் பொது நூலகங்களை இணையத்துடன் இணைக்கும் திட்டங்கள் தொடங்கின. லாட்வியர் தம் திட்டத்திற்குத் 'தந்தையின் மூன்றாம் மகன்' என்று பெயரிட்டனர். அறிவிலி என்று அனைவராலும் தள்ளப்பட்ட இளைய மகனே முடிவில் வெற்றி பெறும் நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது.

நூலகத்தில் வைத்த கணிப்பொறி நிலைத்துப் பயன்பட்டதற்குக் காரணம் எளிது. நூலகம் முன்பே ஊருக்குச் சொந்தம். அங்கே கதவு உண்டு; நேரம் உண்டு; உள்ளே வருபவரை 'நீ யார், எவர் வீட்டார்' என்று கேளாது வழிகாட்டும் நூலகர் உண்டு.

கொடையாளர் அனைவரும் தம் நலம் கருதாத துறவிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. அரசு தரும் நிதியில் அரசின் கொள்கை கலந்திருக்கும்; செல்வர் தரும் நிதியில் செல்வரின் விருப்பம் கலந்திருக்கும். எனினும், அந்த இருண்ட ஆண்டுகளில் அவ்வுதவி வாராதிருப்பின் பல சங்கங்கள் பிறந்த மறு ஆண்டே மறைந்திருக்கும் என்பதும் உண்மை.

எஸ்தோனியா காட்டிய வழி

பதினைந்து நாடுகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று எஸ்தோனியா. மக்கள் தொகை பதினைந்து இலட்சத்திற்கும் குறைவு. 1996 பிப்ரவரி 21-இல் அதன் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி, 'புலிப் பாய்ச்சல்' என்னும் திட்டத்தை அறிவித்தார். பள்ளிகள் யாவற்றுக்கும் கணிப்பொறியும் இணையமும் அளித்தல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருதல், எஸ்தோனிய மொழியிலேயே பாடப்பொருள் உருவாக்குதல் என்பவை அதன் கூறுகள். நடுவண் அரசும் உள்ளாட்சிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 2000-இல் இயற்றிய சட்டம், இணைய வசதியை யாவர்க்கும் கிடைக்க வேண்டிய பொதுச் சேவைகளுள் ஒன்றாக்கியது. சிற்றூர்ச் சாலைகளில், இணைய மையம் இருக்குமிடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகைகள் நின்றன. பேருந்து நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் நிற்பது போல.

2001-இல் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து 'உலகைப் பார்' என்னும் அறக்கட்டளையை நிறுவின. அது நடத்திய இலவச வகுப்புகளில் ஓர் இலட்சம் பேர், அதாவது வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், அடிப்படைப் பயிற்சி பெற்றனர். முதியோரும் உழைப்பாளிகளும் முதன்முறையாக விசைப்பலகையைத் தொட்டது அவ்வகுப்புகளில்தான்.

விளைவை எண்களே பேசும். 2000-ஆம் ஆண்டில் இணையம் பயன்படுத்தியோர் எஸ்தோனியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். ரஷ்யாவில் நூற்றுக்கு இருவர். கிர்கிசியாவில் நூற்றுக்கு ஒருவர். தாஜிகிஸ்தானில் ஆயிரத்திற்கு ஒருவர்கூட இலர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இவையனைத்தும் ஒரே நாடு. ஒரே வகைத் தொலைபேசிக் கம்பி. பின்லாந்தின் அண்மையும், தாஜிகிஸ்தானை வருத்திய உள்நாட்டுப் போரும், பொருள் நிலையும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களே. ஆயினும், செலவைத் தன் கடமையாக ஏற்று, கற்பித்தலைக் கருவிக்கு இணையாக வைத்த அரசு ஒன்று இருந்தது என்பதே தலையாய காரணம் என்று கருதுகிறோம்.

பூட்டிய கதவுகள்

மாறான வழியைத் துர்க்மெனிஸ்தான் காட்டியது. அங்கே 2000-இல் தனியார் இணையச் சேவையாளரின் உரிமங்கள் பறிக்கப்பட்டு, அரசு நிறுவனம் ஒன்றே எஞ்சியது. 2007 பிப்ரவரியில் தலைநகர் அஷ்காபாத்தில் இரண்டு இணைய நிலையங்கள் திறக்கப்பட்டதே பெருஞ்செய்தியாயிற்று. அதன் கட்டணமும் எளியோர் தொடக்கூடியதாக இல்லை.

ஒற்றைக் கம்பியை நம்பிய நாட்டின் நிலையை ஆர்மீனியாவில் காண்கிறோம். 2011 மார்ச்சு 28-இல் அந்நாட்டின் பெரும்பகுதி பல மணி நேரம் இணையமின்றி நின்றது. அண்டை நாடான ஜார்ஜியாவில், பழைய செம்புக் கம்பியை விற்றுப் பிழைக்கத் தோண்டிய மூதாட்டி ஒருவர் மண்வெட்டியால் கம்பியைத் துண்டித்துவிட்டார் என்று அதிகாரிகள் கூறினர். தாம் விறகு பொறுக்கவே சென்றதாகவும், இணையம் என்பது யாது என்றே அறியாரெனவும் அம்மூதாட்டி கூறியதாகச் செய்திகள் வந்தன. உலகம் இதனை நகைச்சுவையாகப் படித்தது. நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. நாடுகளை இணைக்கும் கம்பி அவர் நடக்கும் நிலத்தின் கீழே சென்றது. அதனால் ஒரு பயனும் அவர் குடிசைக்குள் நுழையவில்லை.

இர்கூத்ஸ்க் நகரத்துப் பாடம்

சைபீரியாவின் பைக்கால் ஏரியைக் காக்க இர்கூத்ஸ்க் நகரில் இயங்கியது 'பைக்கால் சூழல் அலை' என்னும் சங்கம். ஏரிக்கரையில் காகித ஆலையை மீண்டும் திறப்பதை அது எதிர்த்தது. 2010 சனவரியில் காவல்துறையினர் அதன் அலுவலகத்துள் புகுந்து பன்னிரண்டு கணிப்பொறிகளை எடுத்துச் சென்றனர். அவற்றில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மென்பொருள் உரிமமின்றி உள்ளது என்பது கூறப்பட்ட காரணம். உரிமம் பெற்றே பயன்படுத்துவதாகச் சங்கத்தார் மறுத்தனர். இத்தகைய சோதனைகள் பற்றிய செய்தி அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளிவந்ததும், ரஷ்யா உள்ளிட்ட பல நாடுகளின் தொண்டுச் சங்கங்களுக்கு அந்நிறுவனம் தன் மென்பொருளுக்கு இலவச உரிமம் அளித்தது. 1987 முதல் சங்கங்களுக்குக் கணிப்பொறித் துணை வழங்கி வந்த 'டெக்சூப்' போன்ற அமைப்புகளின் பணி எத்துணை இன்றியமையாதது என்பது அப்போது விளங்கிற்று. உரிமச் சீட்டு ஒன்றைக் கோப்பில் வைத்திருப்பதும் ஒரு சங்கத்தின் தற்காப்பே.

ஆயினும் அடுத்த பூட்டு வேறிடத்தில் விழுந்தது. 2012-இல் இயற்றப்பட்ட ரஷ்யச் சட்டம், வெளிநாட்டு நிதி பெற்று அரசியல் சார்ந்த பணி புரிவதாகக் கருதப்படும் சங்கங்களை 'அந்நிய முகவர்' எனப் பதிவு செய்யப் பணித்தது. ஸ்டாலின் காலத்தை நினைவூட்டும் அப்பெயரைச் சுமந்து நிற்கப் பல சங்கங்கள் விரும்பவில்லை. பைக்கால் சங்கமும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டு 2016-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. 2015-இல் சோரஸ் அறக்கட்டளை ரஷ்யாவில் 'வேண்டத்தகாதது' என அறிவிக்கப்பட்டது. 2021 திசம்பரில் மெமோரியலைக் கலைக்க நீதிமன்றங்கள் ஆணையிட்டன. அடுத்த ஆண்டு அதே அமைப்பு நோபல் அமைதிப் பரிசில் பங்கு பெற்றது. 2024-இல் கிர்கிசியாவிலும் ஜார்ஜியாவிலும் இத்தன்மைய சட்டங்கள் வந்தன.

மறுபுறம், கொடுத்த கையும் ஒரு நாள் மடங்கிற்று. இந்நாடுகளின் சங்கங்கள் பலவற்றுக்கு முப்பதாண்டுக்கு மேல் நிதி வழங்கிய அமெரிக்காவின் 'யு.எஸ்.எய்ட்' நிறுவனம், தன் நாட்டு அரசின் முடிவால் 2025 சூலை 1 முதல் உதவிப் பணியை நிறுத்தியது. ஒருபுறம் வாங்கியவரைத் தண்டிக்கும் சட்டம். மறுபுறம் வழங்கியவரே விலகிய நிலை. இரண்டிற்கும் இடையில் அகப்பட்டன சிறு சங்கங்கள்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து 'பிறர் உதவியைப் பெறாதீர்' என்னும் முடிவிற்கு நாம் வரவில்லை. பெறாதிருந்தால் அச்சங்கங்கள் பேசவே கற்றிரா. உதவி வந்துகொண்டிருக்கும் காலத்திலேயே, அது நின்றாலும் நிலைக்கக் கூடியவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பாடம். கணிப்பொறி பழுதாகும், இணைப்பு அறுபடும், நிதி நிற்கும். ஒருவர் கற்ற கல்வியும், ஊர் தன்னதாகக் கொண்ட நூலகமும், உறுப்பினர் மாதந்தோறும் மனமுவந்து தரும் சிறு சந்தாவும் அத்துணை எளிதில் அழிவதில்லை.

இளைஞர்களே! நம் சங்கத்தின் படிப்பகத்தில் கணிப்பொறி வந்து நிற்பது மகிழ்ச்சிக்குரியது. அத்துடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. அதன் முன் முதலில் அமரத் தயங்கும் ஒரு தாயை நீங்கள் கைபிடித்து அமர்த்த வேண்டும். நீங்கள் கற்றதை இருவருக்குக் கற்பிக்க வேண்டும். கணக்கையும் உரிமத்தையும் ஒழுங்காக வைக்கப் பழக வேண்டும். கதவு திறந்திருக்கும் நாளிலேயே திறவுகோலுக்குப் பல படிகள் செய்து பலர் கையில் கொடுத்துவிட வேண்டும். பின்னர் எவர் வந்து பூட்டினும், திறக்க நம்முள் ஒருவர் என்றும் இருப்பார்.